ஐந்து பிள்ளைகள், நான்கு பங்கு

தமிழருக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் நகரத்தார் ஊர் ஒன்றில் பிறந்த என்னால் அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்களுக்குக் குடும்பப்பெயர் உண்டு. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து எழுதிக்கொள்கிறோம். இராயவரத்தில் 1922-ல் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் ‘அழ.’, அவருடைய தகப்பனார் அழகப்ப செட்டியார். மேலைச்சிவபுரியில் 1917-ல் பிறந்த தமிழறிஞர் வ.சுப. மாணிக்கத்தின் ‘சுப.’, தகப்பனார் சுப்பிரமணியன் செட்டியார். வெறும் ‘அ’ என்று போட்டால் அழகப்பனா, அண்ணாமலையா, அருணாசலமா என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் எங்கள் பக்கத்தில் இரண்டெழுத்து, மூன்றெழுத்துத் தலைப்புகள்.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன தலைமுறையினர் பாட்டன், ஐயா, அப்பச்சி என்று வரிசையாகத் தலைப்பெழுத்துகளைக் கோத்துக் கடைக்குப் பெயராக வைத்தார்கள். அதை விலாசம் என்போம். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடையை அந்த எழுத்துகளைச் சொல்லித்தான் கேட்பார்கள். கடை போய் எண்பது வருஷம் ஆன பிறகும் பல வீடுகளில் அதே எழுத்துகள் கல்யாணப் பத்திரிகையில் ஏறுகின்றன.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது குழிபிறை, வாழ்க்கைப்பட்டது இராயவரம். பிறந்த வீட்டு விலாசம் எத்தனை கிளையாகப் பிரிந்தது, எந்தெந்த ஊருக்குப் போனது என்று தேடி எழுதி வருகிறேன். அந்த எழுத்துகளை இங்கே சொல்லப் போவதில்லை. பங்காளிகள் பல ஊர்களில் இருக்கிறார்கள், வீட்டுப் பங்குப் பேச்சும் இன்னும் முடியவில்லை. தேடும் வழியை மட்டும் சொல்கிறேன். அது யாருக்கும் பயன்படும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கோயில். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள்: இளையாற்றங்குடி, மாற்றூர், வயிரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. எல்லாமே இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்கின்றன. இளையாற்றங்குடி, மாற்றூர் போன்றவற்றில் உட்பிரிவுகளும் உண்டு. இளையாற்றங்குடியில் மட்டும் ஒக்கூர், பெருமருதூர், கழனிவாசல்குடி என்று தொடங்கி ஏழு. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை, அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. கல்யாணம் என்றால் இரண்டு வீட்டுக் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். மாலை வாங்கும்போது பதிவாகிறது. அன்று முதல் அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து ஒரு புள்ளி. கணவனோ மனைவியோ தவறிவிட்டால் அரைப்புள்ளி. புள்ளிக் கணக்குப்படிதான் வரி.

வம்சம் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய கொடை வேண்டியதில்லை. பிறப்பு, இறப்பைப் பதிய வேண்டும் என்று சர்க்கார் சொல்வதற்கு முன்பே, கல்யாணத்தைக் கோயிலில் பதியும் வழக்கம் எங்களிடம் இருந்திருக்கிறது. ஆனால் புள்ளிக் கணக்கில் கல்யாணம் ஆனவர்கள்தாம் வருவார்கள். சிறு வயதில் போன பிள்ளைகளும் கல்யாணம் ஆகாமல் போனவர்களும் அதில் கிடையாது. அவர்களைத் தேட வேண்டிய இடம் படைப்பு வீடு. வருஷத்துக்கு ஒருமுறையோ, வீட்டில் நல்ல காரியம் வரும்போதோ பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்போம். சேலையும் வேட்டியும் படையலில் வைத்துப் பேழையில் எடுத்து வைப்போம். பல வீடுகளில் படைக்கப்படுவது சுமங்கலியாகப் போன ஓர் ஆச்சிக்கு, அல்லது கன்னியாகவே போன ஒரு பெண்ணுக்கு. எந்தக் கணக்கேட்டிலும் இல்லாத பெயர் படையலில் சொல்லப்படும். எந்த வீட்டார் படைப்புக்கு வருகிறார்கள், யார் செலவில் பங்கு போடுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே, எந்த முன்னோரோடு கிளை பிரிந்தது என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது பெயர் வைக்கும் முறை. தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற ஐயா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழி ஐயா பெயர். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் தகப்பனார் முத்தையா. அண்ணாமலை செட்டியாரின் மகனும் முத்தையா. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பத் திரும்ப வருவதால், 1850-ல் ஒரு பத்திரத்தில் பார்க்கிற பெயரும் 1910-ல் பார்க்கிற பெயரும் ஒரே ஆள் என்று தோன்றும். கூடப்பிறந்த நான்கு பேரும் தங்கள் தலைப்பிள்ளைக்கு ஒரே ஐயாவின் பெயரை வைத்தால் ஒரே வளவில் ஒரே பெயரில் நான்கு பிள்ளைகள் ஓடுவார்கள். தலைப்பெழுத்தும் அப்பா பெயரும் சேர்ந்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும்.

தலைப்பெழுத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? நம்பிப் போகிறவர்களை அது நிறுத்திவிடும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை கூட்டுவது. ஆண் வாரிசு இல்லாத வீட்டார், பெரும்பாலும் தங்கள் கோயில் பங்காளிகளிடமிருந்து ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வார்கள். கவிஞர் கண்ணதாசன் கதை நிறையப் பேருக்குத் தெரிந்தது. சிறுகூடல்பட்டியில் 1927-ல் முத்தையாவாகப் பிறந்தவர், சின்ன வயதில் இன்னொரு வீட்டுக்குப் பிள்ளையாகப் போய் நாராயணன் ஆனார். பெயர், தலைப்பெழுத்து, ஊர் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடும். கணவர் இறந்து பல வருஷம் கழித்து ஆச்சி ஒருவர் பிள்ளை கூட்டிக்கொள்வதும் சாதாரணம். அப்போது ‘அப்பா’ இறந்த பிறகு ‘மகன்’ பிறந்திருப்பான். வருஷங்களை எழுதிப் பார்க்கிறவர் எங்கோ தப்பு என்று நினைப்பார். தப்பு ஒன்றும் கிடையாது.

எங்கள் மாவட்டத்தின் பெரிய குடும்பப்பெயர் தொண்டைமான், புதுக்கோட்டை மன்னர்களின் பெயர். 1686-ல் ரகுநாதராயத் தொண்டைமானிலிருந்து 1948-ல் ராஜகோபாலத் தொண்டைமான் வரை ஒரே பெயர் ஓடுகிறது. அந்த ஓட்டமும் இப்படித்தான். 1839 முதல் 1886 வரை ஆண்ட ராமச்சந்திர தொண்டைமான், மகள் வயிற்றுப் பேரனைச் சுவீகாரம் எடுத்தார். அவர்தான் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1915-ல் அவர் ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்க்கை மணந்தார். அடுத்த வருஷம் பிறந்த மகனுக்குத் தொண்டைமான் என்ற பெயர் இருந்தது, சிம்மாசனம் கிடைக்கவில்லை. 1928-ல் மன்னர் இறந்ததும் வேறு கிளையைச் சேர்ந்த ஆறு வயதுப் பிள்ளையான ராஜகோபாலத் தொண்டைமானை ஆங்கில அரசு அங்கீகரித்தது. சுவீகாரம் வந்தவர் ஆண்டார், பெற்ற மகன் ஆளவில்லை. குடும்பப்பெயர் ஒரு வீட்டைக் காட்டும். ரத்த வழியை அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் இது எப்படித் தெரிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நகரத்தார் வீடு ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம். வளவைச் சுற்றி அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. முகப்பும் பட்டாலையும் எல்லாருக்கும் பொது. தலைமுறை ஏற ஏறப் பங்கு சிறுக்கும். இரண்டு தலைமுறைக்கு முந்தைய ஒரு பாகப்பத்திரத்தில் என் ஐயாவின் பங்கு இருபத்து நாலில் ஒன்று என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் அதை விலை பேசுவதற்காகப் பார்த்தார்கள். எனக்கு அது பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்காகத் தெரிந்தது. வீடு கட்டியவருக்கு மூன்று மகன்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆக மூன்றில் ஒன்று. எங்கள் வழிக்காரருக்கு இரண்டு பேர், ஆறில் ஒன்று. ஆறில் ஒன்று இருபத்து நாலில் ஒன்றாக வேண்டுமானால் அடுத்த தலைமுறையில் நான்கு பேர் இருந்திருக்க வேண்டும். ஐயாவும் கூடப்பிறந்தவர்களும் நான்கு.

ஆனால் அப்பத்தா சொல்லிச் சொல்லி எங்கள் காதில் ஏறியிருந்தது ஐந்து. “அஞ்சு ஆம்பளைப் பிள்ளை பெத்த மகராசி” என்றுதான் அப்பத்தா தன் மாமியாரைப் பற்றிப் பேச்சை எடுப்பார். பிள்ளை ஐந்து, பங்கு நான்கு. ஒருவர் சிறு வயதில் போயிருக்கலாம். அல்லது வேறு வீட்டுக்குப் பிள்ளையாகப் போயிருக்கலாம். அப்படிப் போனவருக்குப் பிறந்த வீட்டில் பங்கு கிடையாது.

விடை இருந்தது பெரிய அயித்தை கல்யாணத்து மொய் ஏட்டில். நீளவாட்டில் மடித்துத் தைத்த பழுப்புக் கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே வருஷம், மாதம், தேதி. அதன் பிறகு வரிவரியாக ஊர், விலாசம், பெயர், தொகை. எழுதிய கணக்கப்பிள்ளையின் கை சீராக ஓடியிருக்கிறது. ஒரு பெயரும் அடித்து எழுதப்படவில்லை. மொய் எழுதுவதில் வரிசை உண்டு. நெருங்கியவர்கள் முன்னால், தூரத்து உறவு பின்னால், ஊரார் கடைசியில். ஐயாவின் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் வரிக்குப் பிறகு, தாயபிள்ளைகள் தொடங்கும் முன், கோனாபட்டு என்று ஊர் போட்டு, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத விலாசத்தோடு ஒரு பெயர். தொகை மற்ற மூவர் போட்ட அதே தொகை.

பெரிய அயித்தைக்குத் தொண்ணூறைத் தாண்டிய வயது. பார்வை மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. நான் அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

“அவுக நம்ம வீட்டுப் பிள்ளைதான்த்தா. அப்பச்சிக்கு நேர் இளையவுக. கைப்பிள்ளையிலேயே கோனாபட்டுக்குக் கூட்டிவிட்டாகளாம். எனக்குத் தாலி பூட்டுனப்ப அவுக நின்ன இடம்கூட ஞாபகம் இருக்கு.”

“ஏன் அயித்தை இத்தனை நாளா யாரும் சொல்லலை?”

“நீங்க யாரும் கேக்கலையே.”

அதன் பிறகு கோனாபட்டு வீட்டாரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அவர்கள் வம்ச வரிசையில் தலைப்பிள்ளைக்குச் சுவீகார வீட்டு ஐயா பெயர், இரண்டாமவருக்குத் தாய் வழிப் பெயர், முறைப்படி. மூன்றாவது பிள்ளைக்கு எங்கள் வீடு கட்டியவரின் பெயர்! பிறந்த வீட்டை அவர் விட்டுவிடவில்லை என்பதற்கு இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம். அந்தக் கிளையில் இன்று மலேசியாவில் இருக்கும் ஒரு பேத்தியும் நானும் தொலைபேசியில் முறை சொல்லிப் பேசிக்கொள்கிறோம்.

பழைய தாள்களில் தேதி படிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் இசைகுடிமானம், மொய் ஏடு, சாமான் சிட்டை எல்லாவற்றிலும் தமிழ் வருஷம்தான் இருக்கும். பிங்கள வருஷம் என்றால் 1857-ல் தொடங்கியதா, 1917-ல் தொடங்கியதா, 1977-ல் தொடங்கியதா? அறுபது வருஷச் சுழற்சியில் பெயர் திரும்பிவிடும், ஐயா பெயரும் பேரனுக்குத் திரும்பிவிடும். இரண்டும் சேர்ந்தால் ஆளே மாறிவிட இடமுண்டு. ஓலையா, கையால் செய்த தாளா, மில் தாளா என்று பாருங்கள். சீர்ச் சாமான்களின் பெயரைப் பாருங்கள். நிலப் பத்திரமாக இருந்தால் பசலி ஆண்டு போட்டிருப்பார்கள். அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கிய ஆங்கில வருஷம் வந்துவிடும். பசலி 1327 என்றால் 1917 ஜூலை முதல் 1918 ஜூன் வரை.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணையும் வரை இது தனிச் சமஸ்தானம். திருமயம், பொன்னமராவதி ஊர்கள் மன்னர் எல்லையில் இருந்தன. காரைக்குடி, தேவகோட்டை ஆங்கிலேயர் எல்லையில், ராமநாதபுரம் ஜில்லாவில். பெண் எடுத்தது அங்கே, வீடும் நிலமும் இங்கே என்றால் ஒரே குடும்பத்தின் பத்திரங்கள் இரண்டு ஆட்சியின் காகிதங்களில் கிடக்கும். இணைந்த பிறகு திருச்சி மாவட்டம், 1974 ஜனவரி 14-ல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டம். எந்த வருஷத்துத் தாளைத் தேடுகிறோமோ அந்த வருஷத்தில் ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்று முதலில் குறித்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். சமீப காலத்து வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பழையதற்கு மனுப் போட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஊர் வரலாற்றுக்குச் சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பும் வெங்கடராம அய்யர் எழுதிய சமஸ்தான மேனுவலும் உதவும். புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தில் பழைய இதழ்களையும் மலர்களையும் புரட்டினால் கும்பாபிஷேகப் பட்டியல், சங்க உறுப்பினர் பட்டியல் என்று எதிர்பாராத இடங்களில் பெயர் கிடைக்கும்.

நகரத்தாருக்குத்தான் இதெல்லாம் என்று யாரும் ஒதுங்க வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்காத கிராமம் உண்டா? அந்த வரி நோட்டு ஒவ்வொன்றும் ஒரு வம்சப் பட்டியல். மகன் கல்யாணமாகித் தனித் தலைக்கட்டான வருஷம் அதில் இருக்கும். கள்ளர் வீடுகளில் தொண்டைமான், பல்லவராயர், மழவராயர், சேதுராயர் என்று பட்டப்பெயர்கள் உண்டு. ஒரே பட்டம் என்பதால் ஒரே குடும்பம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எந்தக் கோயிலில், யாரோடு பங்காளி முறை என்பதுதான் உறுதியான சான்று.

ஆவணமே இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு எத்தனையோ குடும்பங்கள் போயின. 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாயிற்று. திரும்பி வந்தவர்களில் பலருக்குப் பாட்டன் ஊர் என்பது வாய்வழியாக வந்த ஒரு பெயர் மட்டும். அப்படிப்பட்டவர்கள் பழைய பாஸ்போர்ட்டையும் விண்ணப்பத் தாள்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதில் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் இருந்தால், அந்த ஊர்க் குலதெய்வக் கோயிலிலிருந்து தேடலைத் தொடங்க முடியும்.

எனக்கு மிகவும் மனக்குறை தருவது பெண்கள் விஷயம். என் பிறந்த வீட்டில் முன்னோர் எழுதி வைத்த வம்ச வரிசை ஒன்று இருக்கிறது. ஆறு தலைமுறை ஆண்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. ஒரு பெண் பெயர் கிடையாது. பெண் கல்யாணமானால் கணவர் கோயில் புள்ளியாகிவிடுகிறாள், பிறந்த வீட்டுப் பட்டியலிலிருந்து போய்விடுகிறாள். ஆனால் உண்மையில் கிளைகளைக் கட்டிப் பிடித்திருந்தவர்கள் அவர்கள்தாம். அம்மான் மகனுக்கும் அயித்தை மகளுக்கும் முறை செய்து, வெளியே போன ரத்தத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தவர்கள். பிள்ளையைக் கூட்டிவிட்ட வலியைச் சுமந்தவர்கள். யார் யாருக்கு என்ன முறை என்று எழுபது வருஷம் நினைவில் வைத்திருந்தவர்கள். நான் எழுதும் வரிசையில் மகள்களுக்கும் மருமகள்களுக்கும் பெயர், பிறந்த ஊர், பிறந்த வீட்டுக் கோயில் மூன்றும் உண்டு. சட்டமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. 1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்றாகி, 2005-ல் நாடு முழுதும் வந்தது. பங்கு உண்டு என்ற பிறகு பட்டியலில் பெயர் இல்லாமல் இருப்பது நியாயமா?

இன்று எங்கள் ஊர்களில் வீடுகள் விலை போகின்றன. தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் உடனே ஆள் வருகிறது. மொய் ஏடும் இசைகுடிமானமும் கடிதக் கட்டும் எடைக்குப் போகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகைகளைக்கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேர்த்தவற்றைக் கொண்டு 1994-ல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமே எழுந்தது. எல்லாராலும் நூலகம் அமைக்க முடியாது. கையில் இருக்கும் போனில் படம் எடுத்து வைக்க முடியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் மூத்த ஆச்சி பக்கத்தில் உட்காருங்கள். மொய் நோட்டை வாங்கி ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டி, “இவுக நமக்கு யாரு?” என்று கேளுங்கள். சொல்வதை அன்றே எழுதுங்கள். பிள்ளையாகப் போனவர்கள், பிள்ளையாக வந்தவர்கள், மகள்கள், சிறு வயதில் போனவர்கள் ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். எழுதியதில் ஒரு பிரதியைப் பங்காளிகள் எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள்.